மேசைக்குப் போன இறகு

பிரான்சு தேசத்தில் சாப்பாட்டைப் பற்றியே புத்தகம் எழுதிப் பேர் வாங்கிய பிரபு ஒருவர் இருந்தார். தம் கொல்லையில் மேய்ந்த பெருவாத்தின் இறகு ஒன்றைப் பிடுங்கிச் சீவி, அதையே பேனாவாக வைத்துக்கொண்டார்.

வாத்துக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பிள்ளை ஒருத்தன் எசமான் மேசைக்கே போயிட்டான். இனி நமக்கென்ன குறை?" என்று கொல்லை முழுக்கச் சொல்லித் திரிந்தது.

ஒரு நாள் காலையில், ஜன்னலோரம் மைக்கூட்டில் இறகு நிற்பதைப் பார்த்துவிட்டு வாத்து அங்கே ஓடியது.

"எசமான் என்ன எழுதுறார்டா, மகனே?"

"உன்னைப் பத்திதாம்மா! ரெண்டு பக்கம்!"

"என் நடையைப் பத்தியா?"

"ஈரலைப் பத்தி. கூண்டில் அடைச்சு, தொண்டைக்குள்ள புனலை வச்சுச் சோளத்தைத் திணிச்சா அது நல்லா வீங்குமாம். அப்புறம் வெண்ணெயில் வதக்கணுமாம்."

வாத்தின் அலகு திறந்தபடியே நின்றுவிட்டது.

"அடப்பாவி! அதை நீயா எழுதினே?"

"அழகா எழுதியிருக்கேன்மா. நூறு வருஷம் ஆனாலும் இதைப் படிப்பாங்களாம்."

அப்போது சமையற்காரன் கையில் புனலோடு கொல்லைக்குள் வந்தான். வாத்து அலறிய அலறலில் மற்ற வாத்துகள் சிதறி ஓடின.

"சத்தம் போடாதேம்மா," என்றது ஜன்னலிலிருந்து இறகு. "எசமான் அடுத்த பக்கத்தை யோசிச்சிட்டிருக்கார்."