ஆராய்ச்சி சொல்கிறது

"இத்தனை வருஷமா வெங்காயம் வெட்டறே, இன்னும் மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கறியே! மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

அதட்டிக்கொண்டே சமையலறைக்குள் வந்தார் கணவர்.

"வேற எப்படிங்க வெட்டறது?" கண்ணைக் கசக்கியபடி கேட்டாள் மனைவி.

"தள்ளு. கத்தியை நல்லாத் தீட்டணும். பக்கத்துல ஃபேன் ஓடணும். வேர்ப் பக்கத்தைக் கடைசியாத்தான் தொடணும். வாட்ஸ்அப்ல வந்திருக்கு. எல்லாம் ஆராய்ச்சி! உனக்கெங்கே புரியப் போகுது?"

"உங்களால முடியாதுங்க."

அவ்வளவுதான், பொத்துக்கொண்டு வந்தது ரோஷம். ஒரு கிலோவையும் நறுக்கித் தள்ளினார். கண்ணில் பொட்டு ஈரமில்லை.

"பாத்தியா? இதுக்கு ஆம்பளைக் கைதான் சரிப்படும்னு அதுலயே போட்டிருக்கு. இனிமே வெங்காயம் என் பொறுப்பு. நீ கிட்ட வராதே!"

"சரிங்க" என்று பாவமாகத் தலையாட்டினாள்.

வெற்றிக் களிப்பில் வழுக்கையைத் தடவியபடி அவர் குளிக்கப் போனதும், அவருடைய தங்கைக்குப் போன் போட்டாள்.

"உன் அண்ணன் கவுந்தாச்சு! நான் எழுதிக் கொடுத்து நீ குரூப்ல போட்டதை எனக்கே பாடம் எடுக்கறார். இதையே நான் வாயால சொன்னப்போ காதுல வாங்கினாரா? எனக்கு வெங்காயத்துக்குக் கண்ணீர் வந்தே பல வருஷமாச்சு. இன்னிக்கு அழுது காட்டறதுக்குள்ள உயிரே போயிடுச்சு."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடுத்து என்ன போடட்டும் அண்ணி?"

"பாத்திரம் தேய்ச்சா வழுக்கையில முடி முளைக்கும்னு போடு. ஆராய்ச்சின்னு சேர்க்க மறந்துடாதே!"