தடவுன கை

“சார், உங்க வாய்க்கால்ல அந்தம்மா எறா தடவிட்டு இருக்காங்க. நான் பாக்குறது இது மூணாவது வாட்டி.”

கலையரசன் சொன்னதும் பண்ணை முதலாளி ஜெகதீசன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்தம்மா என்றது சாராளை. குளத்து இறாலுக்குத் தீனி போடுகிறவள்.

உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெறுங்கையால் துழாவி இறால் பிடிப்பதற்குக் கடப்பாக்கம் பக்கம் ‘தடவுறது’ என்று பேர். கழியில் தடவினால் பிழைப்பு. பண்ணை வாய்க்காலில் தடவினால் திருட்டு.

கலையரசனுக்கு இதில் என்ன வந்தது? வந்ததுதான். அவன் டிசைன் செய்த பம்புதான் ஒரு மாதமாக அந்த வாய்க்காலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. பழைய பம்பு நாளைக்கு அறுபது யூனிட் கரண்ட் குடித்த வேலையை இது முப்பத்தாறில் முடித்தது. இன்னும் பத்து நாள் இப்படியே ஓடிவிட்டால் ஜெகதீசனின் எல்லாப் பண்ணைக்கும் சேர்த்து நாற்பது பம்பு ஆர்டர். இந்த நேரத்தில் பம்பு பக்கத்தில் ஒருத்தி கையை விட்டுத் துழாவினால் பதறாதா?

சாராள் ஈரப் புடவையோடு வந்து நின்றாள்.

“இன்னாம்மா, வாய்க்கால்ல தடவுறியாமே?”

“தடவுனேன்தான் மொதலாளி. ஆனா எறா இல்ல...”

“தடவுனேன்னு நீயே சொல்லிட்ட. அப்பாலிக்கு இன்னா இல்ல, நொல்ல? நாளையிலேர்ந்து வராத.”

“திருடின்னு அனுப்பிட்டா வேற எந்தப் பண்ணையில மொதலாளி என்னைச் சேத்துப்பாங்க? சார், நீங்களாச்சும் இன்னான்னு கேளுங்க சார்.”

கலையரசன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “பம்புக்கு ஆளே வேணாம் சார். அது பாட்டுக்கு ஓடும்.”

மறுநாள் நாற்பத்திரண்டு யூனிட் ஆனது. அதற்கு மறுநாள் ஐம்பது. நாலாம் நாள் பழைய பம்பையே எட்டிப் பிடித்துவிட்டது. கலையரசன் மோட்டாரைப் பிரித்தான், மாட்டினான், ஒயரையெல்லாம் மாற்றினான். அந்தக் கலங்கல் தண்ணீரில் மட்டும் இறங்கவில்லை. பேண்ட் நனையுமே.

கடைசியில் அவளைக் கேட்டுவிடுவது என்று வீட்டுக்கே போய்விட்டான். சாராள் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக வேலை தேடி அலைந்ததில் முகம் கறுத்திருந்தது.

“பம்புல எதையாவது கழட்டுனீங்களா?”

“நான் இன்னாத்த சார் கழட்டப்போறேன்? தண்ணி இழுக்குற எடத்துல நீங்க சல்லடை வச்சிக்கீறீங்களே, மணிக்கொரு தபா அதுல பாசி வந்து அப்பிக்கும். மோட்டாரு மூச்சு வாங்குற மாதிரி சத்தம் குடுக்கும். நான் எறங்கி அந்தப் பாசியத் தடவி எடுத்து வுடுவேன். மறுபடி நல்லா ஓடும். அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்.”

கலையரசன் அவள் கையைப் பார்த்தான். கம்பிச் சல்லடை கீறி, உப்புத் தண்ணீர் பட்டு, விரலெல்லாம் புண். யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல் அவள் செய்த வேலை. மிச்சமான யூனிட்டெல்லாம் இந்தக் கை மிச்சம் பிடித்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“மொதலாளி கிட்ட சொல்லுவீங்களா சார்? திருடின்ற பேரு போனா போதும்.”

“கண்டிப்பா சொல்றேம்மா.”

அப்போது நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தான்.

பண்ணைக்கு வந்து, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி, சல்லடையைச் சுத்தம் செய்தான். பம்பு பழையபடி ஓடியது. ஜெகதீசன் கரையில் வந்து நின்றார்.

“இன்னா தம்பி, டிசைன்லயே கோளாறா? அப்ப நாப்பது பம்பு வாங்கறத நான் யோசிக்கணுமே.”

கலையரசன் கையில் ஒட்டியிருந்த பாசியை உதறினான்.

“டிசைன்ல ஒரு கோளாறும் இல்ல சார். போற கோவத்துல அந்தம்மாதான் சல்லடையில பாசிய அடைச்சிட்டுப் போயிருக்காங்க.”