விடிவெள்ளிக்கு ஞானஸ்நானம்

"சாத்தான் பேரையா புள்ளைக்கு வைக்கப்போற?"

சபை மூப்பர் கோதண்டம் கேட்டதும் சௌமியா திடுக்கிட்டு மடியைப் பார்த்தாள். நாற்பது நாள் குழந்தை, பால் குடித்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

"விடிவெள்ளின்னுதானே ஐயா எழுதிக் குடுத்தேன்?"

"ஆங், அதேதான். வானத்துல விடிவெள்ளியா ஜொலிச்சுக்கினு இருந்தவன், கடவுளுக்கு மேல உக்காரணும்னு பெருமை புடிச்சுக் கீழ விழுந்தான். அவன்தான் சாத்தான். ஏசாயா தீர்க்கதரிசி எழுதி வச்சிருக்காரு. நாளைக்கு ஞானஸ்நானம். வேற பேரு யோசிச்சுக்கினு வா."

சௌமியாவுக்குக் கோபம் வரவில்லை. வானத்திலிருந்து வெள்ளி விழுந்தது என்றதும் மனசு எங்கேயோ போய்விட்டது.

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் வந்த அந்த விடியற்காலை. கூட வர ஒரு ஆள் கிடையாது. கே.ஜி.கண்டிகை தாண்டியதும் வலி தாங்கவில்லை. ஆட்டோக்காரர் ஜலால் பாய் வண்டியை ஓரங்கட்டி, பக்கத்தில் மாடு கறந்துகொண்டிருந்த பெண்ணைக் கூட்டி வந்தார். தன் துண்டை வண்டிக்குத் திரையாகக் கட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

"மலைக்கு மேல பாரும்மா, விடிவெள்ளி. அதைப் பாத்துக்கினே மூச்சு விடு."

பார்த்தாள். மலைக்கோயில் விளக்குகளுக்கும் மேலே, முன்கண்ணாடி வழியே, அது தண்ணீரில் மிதப்பதுபோல ஆடியது. ஆடிக்கொண்டே மெல்ல இறங்கி வந்தது. அப்புறம் மடியில் ஒரு சின்ன அழுகை.

விழுந்தது என்றால் இங்கேதான் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் சௌமியா.

கோதண்டம் கெட்டவர் இல்லை. அப்பன் யாரென்று சொல்லாமல் பிள்ளை பெற்றவள் என்று ஊரே பேசியபோது, தொட்டில் வாங்கி அனுப்பியவர் அவர்தான். அவர் பேச்சைத் தட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கெல்லாம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தாள். எந்தப் பேருக்கும் குழந்தை அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அருகில் நின்ற போதகர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பேரு என்னம்மா?"

"விடிவெள்ளி." நினைக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

முன்வரிசையில் கோதண்டம் எழுந்தார். "போதகரே, அது சாத்தான் பேரு. சபை நடுவுல சொல்லாதீங்க."

சபை சலசலத்தது. போதகர் பொறுமையாகத் திரும்பினார்.

"அண்ணே, ஏசாயா அதைச் சொன்னது பாபிலோன் ராஜாவைப் பாத்து. அவ்ளோ ஒசரத்துல இருந்தவன் இப்படி விழுந்துட்டியேன்னு ஏளனமா பாடினாரு. அது சாத்தானோட கதைன்னு பின்னால வந்தவங்க அர்த்தம் எடுத்துக்கினாங்க."

"சின்ன வயசுலேருந்து எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"எனக்கும்தான். இப்போ வேதத்தோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. தன்னையே விடிவெள்ளின்னு ஒருத்தர் சொல்லிக்கிறாரு. யாருன்னு நீங்களே சபைக்குச் சொல்லுங்க."

கோதண்டம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் புரட்டினார். விரல் ஒரு வரியில் போய் நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா அண்ணே."

"ஆண்டவர்... இயேசு."

பெண்கள் பக்கமிருந்து யாரோ "அல்லேலூயா" என்றார்கள். சௌமியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஜன்னல் வெயில், சுற்றுகிற மின்விசிறி, வெள்ளைத் துணிக்குள் அசையும் சின்ன விரல்கள்... எல்லாமே தண்ணீருக்குள் இருப்பதுபோல மெல்ல மிதந்தன.

போதகர் தண்ணீரில் கையை நனைத்தார்.

"நில்லுங்க!" கோதண்டம் கையைத் தூக்கினார். "அப்படின்னா இன்னும் மோசமாச்சே! ஆண்டவரோட பேரு... அதைப் போய் இந்தப் புள்ளைக்கா வைக்கிறது?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே காதில் விழுந்ததுபோல நின்றார்.

போதகர் "விடிவெள்ளி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி அழைத்து, குழந்தையின் நெற்றியில் தண்ணீரை வார்த்தார்.

சௌமியா கனவிலிருந்து எழுந்தவள்போலக் கோதண்டத்தைப் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"உங்களுக்குப் பேருதான் புடிக்கலைன்னு நெனச்சுக்கினு இருந்தேங்க ஐயா."