மேல்வீட்டுக் குழந்தை

"சாவியை மேசை மேல வெச்சிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க மாஸ்டர். சாயங்காலம் வேற ஆள் வரான்."

ரொட்டிக்கடை முதலாளி இதைச் சொன்னபோது, மாஸ்டர் மாவுத் தொட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்; துணியை மட்டும் கீழே வைக்கவில்லை. தொடர்ந்து துடைத்தார்.

விடியுமுன் வந்து கடையைத் திறந்து, அடுப்பை மூட்டி, தெரு விழித்தெழும்போது ரொட்டியைச் சுடச்சுட அடுக்கி வைப்பது அவருடைய பொறுப்பு. இந்த வாரம் முழுவதும் அவர் வந்து சேர்ந்தது வெயில் ஏறிய பிறகு. பூட்டிய கதவின் முன்னால் காத்து நின்ற வாடிக்கையாளர்கள், எதிர்ச்சாரியிலிருந்த புதுக்கடைக்கு நடையைக் கட்டினார்கள். அங்கே விற்கப்படுவது ரொட்டி என்று பெயர்ப்பலகை கூறிற்று. தின்று பார்த்தவர்கள் அவ்வாறு கூறவில்லை. ஆனால் பசியோடு வந்தவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றவில்லை.

"இங்க சேர்ந்த நாள்லேருந்து நான் ஒரு நாளாவது லேட்டா வந்திருக்கேனா முதலாளி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இல்லாத வழக்கம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

மாஸ்டர் தயங்கினார். தலை நரைத்த, வேறு தொழில் அறியாத ஓர் ஆளை இனிப் புதிதாக எவர் சேர்த்துக்கொள்வார்?

"எல்லாம் எங்க மேல்வீட்டுக் குழந்தையாலதான்" என்றார்.

முதலாளியின் முகம் உடனே மாறிற்று. குழந்தை வளர்ப்பைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால் போதும். வியாபாரத்தையும் கோபத்தையும் ஒருசேர ஒதுக்கி வைத்துவிட்டு உபதேசத்தில் இறங்கிவிடுவார். பிள்ளை பெற்ற ஒரே தகுதியால் தம்மைக் குழந்தை மருத்துவராகக் கருதிக்கொள்ளும் மனிதர்கள் உலகில் ஏராளம். அவர்களுள் இவர் தலையாயவர்.

"இன்னுமா அது ராத்திரியில அழுது? அதுக்குத்தான் நீங்க கேக்காமலே நானே வழி சொல்லி அனுப்பினேனே. அதோட அம்மாகிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்."

"பொழுது சாஞ்சதும் விளக்கைக் குறைக்கச் சொன்னேன்."

"குறைச்சிட்டாங்க."

"தினம் ஒரே நேரத்துல குளிப்பாட்டி, வயிறு நிறையப் பால் குடுத்து..."

"எல்லாம் நடக்குது முதலாளி."

"தோள்ல போட்டுத் தூங்க வெச்சிட்டுத் தொட்டில்ல போடக் கூடாது. கண்ணு சொக்கும்போதே போட்டுடணும். லேசா சிணுங்கினா உடனே ஓடிப் போய்த் தூக்கவும் கூடாது. இதையெல்லாம் சொன்னீங்களா?"

"ஒரு எழுத்து விடாம சொன்னேன். அந்தம்மாவும் அப்படியே செய்றாங்க."

"செய்யலை. செஞ்சிருந்தா நீங்க ஏன் இப்படி வந்து நிக்கறீங்க?"

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கல்லாவில் அமர்ந்திருந்த முதலாளியின் மனைவி முந்திக்கொண்டார்.

"அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கு வழி சொல்றது இருக்கட்டும். நம்ம வீட்டுல நாலு பிள்ளைங்க. ஒண்ணையாவது நீங்க தூங்க வெச்சிருக்கீங்களா? மடியில குடுத்தா அதுக்கு முன்னாடி நீங்க குறட்டை விடுவீங்க. அது பாட்டுக்கு உங்க மூக்கைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கும்."

"எப்படித் தூங்கணும்னு செஞ்சு காட்டினேன்" என்றார் முதலாளி, சற்றும் அசராமல். பிறகு மாஸ்டரை உற்று நோக்கிவிட்டு மனைவியிடம் திரும்பினார். "இங்க பாரு, கண்ணு ரெண்டும் எப்படி வீங்கிக் கிடக்குன்னு. முகமே உப்பிப் போச்சு. பாவம், மனுஷன் என்ன பாடு படறாரோ. நான் பாட்டுக்குச் சாவியைக் கேட்டுட்டேன்."

"வீங்கித்தான் இருக்கு" என்றார் மனைவி. "ஆனா வந்ததுலேருந்து ஒரு கொட்டாவி கூட விடலையே?"

"உனக்கு என்ன தெரியும்? ராத்திரி ராத்திரி தூக்கம் கெட்டா அப்புறம் கொட்டாவி கூட வராது."

மருத்துவ நூல் எதிலும் காணப்படாத இக்கருத்தை மாஸ்டர் மறுத்துரைக்கவில்லை. மேசைமீதிருந்த சாவியைத் துடைப்பதுபோல் எடுத்து, ஓசையின்றித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேற ஆளு வர வேண்டாம்னு நான் சொல்லிடறேன்" என்றார் முதலாளி. "இந்தக் காலத்துல எதையும் அரைகுறையாத்தான் செய்றாங்க. சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணு. வாங்க, இப்பவே போவோம். அந்தம்மாகிட்ட நானே நேர்ல பேசறேன். அந்தக் குழந்தையைத் தூங்க வெச்சிட்டுத்தான் கடைக்குத் திரும்புவேன்."

"கடையை யார் பாக்கறது?" என்றார் மனைவி.

"நீ பாரு. இது ஒருத்தரோட பிழைப்பு."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு விரைந்தார். மாஸ்டர் பதறிப்போய்க் குறுக்கே நின்றார். துடைக்கும் துணி இன்னும் கையில்தான் இருந்தது.

"வேண்டாம் முதலாளி. நீங்க மட்டும் அங்க வரவே கூடாது."

"ஏன், வந்தா என்ன?"

"நீங்க சொன்னதைச் செய்ய ஆரம்பிச்சதுலேருந்து அந்தக் குழந்தை விடிய விடிய அசையாமத் தூங்குது. முன்னெல்லாம் இருட்டோட அது வீல்னு கத்தும், நானும் எழுந்து அடுப்பு மூட்ட ஓடி வந்துடுவேன். அலாரம்னா தலையில தட்டி அடக்கிட்டுத் திரும்பப் படுத்துக்குவேன். அந்தக் குழந்தையை அடக்க அதோட அப்பா அம்மாவாலயே முடியாது. அதை மறுபடி எழுப்பி விடறதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க முதலாளி."