இருபது நாள் வெயில்

"வாப்பா, மரத்துக்கும் வேர்க்குமா?"

அறுத்துப் போட்ட பலாப் பலகையின் நுனியில் நீர் கசிவதைக் கண்டு இளைய மகள் மஸீஹா கேட்டாள். மீராசாஹிப் சிரித்தார். தச்சன் மாடசாமி சிரிக்கவில்லை.

"புள்ள கேட்டது சரிதாங்க மொதலாளி. இந்த ஈரம் போகாம ஜன்னலுக்கு ஓரச் சட்டம் அடிச்சா முறுக்கிக்கும். நிழல்ல, நடுவுல குச்சி வச்சு அடுக்கி, ஒரு வருஷமாவது காயணும்."

"ஒரு வருஷமா? அதுக்குள்ள மூத்தவ புள்ளயோட வந்துருவா. நிழல் மரத்துக்கில்ல, ஒனக்குத்தான் வேணும்."

பலாபத்வல ஊரில் மீராசாஹிப்புக்குத் தெரியாத தொழில் கிடையாது. செய்து பார்த்தது மட்டும் மளிகைக் கடை ஒன்றுதான். மூத்தவளின் நிக்காஹுக்கு ஒரு மாதமே இருந்தது. அக்குறணை ஊர்ச் சம்பந்தி மரக்காலை வைத்துப் பலகை விற்கிறவர். கதவு, ஜன்னல் சட்டமெல்லாம் சொந்தத் தோட்டத்துப் பலாதான் என்று அவரிடம் பெருமையடித்தாயிற்று. கோணல் சட்டம் அவர் கண்ணில் பட்டால் மானம் போய்விடும்.

இருபது நாள் பலகைகள் முற்றத்து வெயிலில் வெந்தன. காலையும் மாலையும் புரட்டிப்போட்டபடி, வருகிறவர்களுக்கெல்லாம் மரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். வெடிப்பு விழுந்தபோது, இழைத்தால் போய்விடும் என்றார். பிறகு எல்லாவற்றையும் மாடசாமியின் பட்டறைக்கு வண்டியில் ஏற்றிவிட்டு, துணியெடுக்கக் கண்டிக்குப் போனார். மூன்றாம் நாள் திரும்பியபோது சட்டங்கள் அடித்து முடிந்திருந்தன.

நிக்காஹ் அன்று சம்பந்தி ஜன்னல் மூலைப் பொருத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் நுழையவில்லை.

"எத்தன வருஷம் காஞ்ச மரம்?"

"வருஷமா? இருவது நாள் வெயில். ஒங்கட மரக்காலையிலயும் இப்பிடிச் செஞ்சு பாருங்க."

அதோடு விடவில்லை. மாடசாமியைக் கூப்பிட்டு, இப்போதாவது ஒப்புக்கொள்கிறாயா என்று சபை நடுவே கேட்டார்.

"மொதலாளி சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாடசாமி சாப்பிடப் போனான்.

மீராசாஹிப்பின் பலகைகள் விறகாகிவிட்டிருந்தன. அவர் சுவரில் மின்னியது, மாடசாமி தன் வீட்டு வாசற்கதவுக்கென்று மூன்று வருஷம் பரணில் காயவைத்த பலா. தமிழர்களைத் தேடித் தேடி அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் மீராசாஹிப்பின் மனைவி கைறுன்னிஸா, புருஷனுக்கும் தெரியாமல், நான்கு நாள் வேலி இடுக்கால் மாடசாமியின் பிள்ளைகளுக்குச் சோறு நீட்டியிருந்தாள். பட்டறையில் தனியாக இருந்து அவன் அந்தச் சோற்றுக் கடனைத் தீர்த்ததை ஆண்டவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.