ஏழு காது வில்லைகள்

“மூளையைச் சல்லடையாக்குற பிரியான் நோய்ங்க இது. மாடு செத்தப்புறம் மூளையை வெட்டிப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும்” என்று பேசிப் பேசியே பண்ணைக்காரரைச் சம்மதிக்க வைத்தவள் அந்த ஆராய்ச்சிக்காரிதான். தள்ளாடிய தன் பசுவைக் கொல்ல ஊசி போடும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் அவளுக்குப் போன் செய்வார்.

“நல்ல மாட்டைக் கொன்னுட்டேனோம்மா?”

பத்தாம் நாள் முடிவு வந்தது. அவளே அவரை அழைத்தாள்.

“நோய் இருந்துச்சுங்க. நீங்க செஞ்சது சரிதான்.”

அவர் விட்ட பெருமூச்சு போனில் கேட்டது. அன்றுதான் அவளுக்கும் கண் அசந்தது.

நான்கு நாள் கழித்து அவர் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து மாடுகளின் காதில் மாட்டும் எண் வில்லைகளை எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். ஏழு.

“மத்ததுங்களும் அதே தீவனத்தைத்தானே தின்னுச்சு. ஊருக்குப் பரவிடக் கூடாதுன்னு மாட்டு டாக்டரை வரச்சொல்லி, நேத்து எல்லாத்தையும் முடிச்சுட்டேன். உங்க வார்த்தை இருந்ததாலதான் மனசைக் கல்லாக்கிக்க முடிஞ்சுது.”

அவர் வில்லைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார்.

“அந்த ரிப்போர்ட்ல ஒரு காப்பி குடுங்கம்மா. வீட்டுக்காரி அழுதுக்கிட்டே கிடக்கா, அவகிட்ட காட்டணும்.”

அவள் கை இழுப்பறையின் பிடியிலேயே நின்றுவிட்டது. அவர் மனம் ஆறட்டும், தன் மனமும் ஆறட்டும் என்று அவள் உள்ளே ஒளித்துவைத்திருந்த அந்த அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: ‘நோய் இல்லை.’