மூணாவது வரியில் மை

"இது யார் பண்ண வேலை?"

நோட்டைத் தூக்கி மேசை மேல அடிச்சேன். தம்பி அன்பரசு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவன் பொண்டாட்டி ஜான்சிதான் நிமிர்ந்து பார்த்தா.

"நான்தான் அண்ணி."

நான்தான் அண்ணியாம்! ஏதோ வாசல்ல கோலம் போட்டவ மாதிரி எவ்வளவு சுலபமா சொல்றா பாருங்க.

எங்கப்பா சபாபதி, சயின்ஸ் வாத்தியார். லீவு விட்டா போதும், சைக்கிளை எடுத்துக்கிட்டு ஏரி ஏரியாப் போயி பறவைங்களைப் பார்த்து எழுதுவாரு. அம்மா மங்கலம் பின்னாடி உக்காந்து போயி, செடி கொடியெல்லாம் பறிச்சு காய வச்சு தாள்ல ஒட்டுவாங்க. இப்படியே நாப்பது வருஷம். முப்பத்தொரு நோட்டு, ரெண்டு டிரங்குப் பெட்டி நிறைய தாளு. ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு எல்லாம் முதுநகர்ல தம்பி வீட்டுல கெடக்கு.

வர்ற ஞாயித்துக்கிழமை சிதம்பரத்துல ஒரு லைப்ரரிக்கு அதைக் குடுக்கறோம். மேடை, மைக், பொன்னாடை எல்லாம் உண்டு. 'தந்தையைப் பற்றி: திருமதி மலர்க்கொடி, 28-2-2010'ன்னு பத்திரிகையே அடிச்சாச்சு. மலர்க்கொடி நான்தான். நோட்டுங்களை எடுத்துட்டுப் போக கார் வச்சு வந்தேன். சும்மா ஒண்ணைப் பிரிச்சேன்.

அப்பா எழுதறதுல ஒரு ஒழுங்கு இருக்கும். முதல் வரி தேதி. ரெண்டாவது பறவை பேரு. மூணாவது இடம். எந்த ஊரு, எந்த ஏரி, மதகுலேர்ந்து எத்தனாவது மரம், எந்தக் கிளை, அத்தனையும் சுத்தமா இருக்கும். அந்த மூணாவது வரி பூரா கறுப்பு மை. அடுத்த நோட்டைப் பிரிச்சேன், அதுலயும் மை. அம்மாவோட தாளுங்களையும் விடல.

"என்னாத்துக்குடி இப்படிப் பண்ண?"

"இடம் நாலு பேருக்குத் தெரிய வேணாம்னுதான் அண்ணி."

"அதைச் சொல்ல நீ யாரு? வெயில்ல அலைஞ்சு எழுதுனது உங்கப்பனா, எங்கப்பனா?"

"எல்லாத்தையும் தனி நோட்டுல காப்பி எழுதி வச்சிருக்கேன். படிக்கறவுங்க நேர்ல வந்து கேட்டா, யாரு என்னன்னு விசாரிச்சுட்டுக் குடுக்கலாம்."

"ஓகோ! எல்லாரும் உன் வாசல்ல வந்து கைகட்டி நிக்கணும், அதானே? பி.காம் படிச்சவளுக்குப் பறவையைப் பத்தி என்ன தெரியும்? பெத்தவங்க சொத்துல கைய வைக்க எம்மா தைரியம் உனக்கு!"

அவ குனிஞ்சு நோட்டுங்களை அடுக்க ஆரம்பிச்சா. அதைப் பார்த்ததும் எனக்குக் கோவம் இன்னும் ஜாஸ்தியா ஏறிடுச்சு.

"லைப்ரரிக்காரங்க முன்னாடி என் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்கறது? இரு, மேடையிலயே சொல்றேன், இதைப் பாழாக்குனவ இவதான்னு. ஊரே காறித் துப்பட்டும்."

"அக்கா, போதும்"ன்னான் அன்பரசு.

ஜான்சி அவன் கையைப் பிடிச்சா. "வேணாங்க. விட்டுடுங்க."

"என்னா வேணாம்? இவ்வளவு பேச்சு வாங்கணும்னு உனக்குத் தலையெழுத்தா?" கையை உதறிட்டு என் பக்கம் திரும்பினான். "பொங்கலுக்கு முன்னாடி ஒருத்தரை இங்க அனுப்பி வச்சியே, ஞாபகம் இருக்கா?"

"பொன்னுரங்கத்தையா? உங்க மாமாவோட ஃப்ரெண்டுடா. பறவைன்னா உசுருன்னாரு. எங்கப்பா நோட்டைப் போய்ப் பாருங்கன்னு பெருமையா அனுப்பினேன். அதுல என்ன தப்பு?"

"பார்த்தாரு. காபி குடிச்சாரு. மேல்பட்டாம்பாக்கத்துக்கு அந்தாண்ட ஒரு ஏரியில நாரை கூடு கட்டற மரம் இருக்கு. அந்தப் பக்கத்தை செல்லுல போட்டோ புடிச்சுக்கிட்டுப் போனாரு. பத்து நாள் கழிச்சு இவ குஞ்சு எண்ணப் போனா."

"இவளா?"

"அப்பா போனதுலேர்ந்து வருஷா வருஷம் இவதான் எண்ணி எழுதறா. நீ எப்பக்கா கேட்ட?"

நான் ஜான்சியைப் பார்த்தேன். அவ தரையைப் பார்த்துக்கிட்டிருந்தா.

"ஒரு கூட்டுல கூட குஞ்சு இல்ல. கீழ இறகு மட்டும் கெடந்துச்சு. வேன்ல ஆளுங்களோட வந்தாராம். செல்லைப் பார்த்துப் பார்த்து மரத்தைக் காட்டினாராம். சாக்குல அள்ளிட்டுப் போயிட்டாங்கன்னு ஆடு மேய்க்கறவரு சொன்னாரு. ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போலாம்னு நான் கிளம்பினேன். நோட்டைக் காட்டச் சொன்னது யாருன்னு கேட்டா அண்ணி பேரு வரும், அப்பா பேரு கெடும்னு சொல்லி இவதான் என்னை நிறுத்தினா. அன்னைக்கு மை பூச உக்காந்தவ, ஒரு மாசமா இதே வேலை."

நான் நோட்டை மூடி வச்சேன்.

ஜான்சி கிட்ட வந்து என் தோள்ல கைய வச்சா. "விடுங்க அண்ணி. உங்களுக்கு என்ன தெரியும்? தெரியாம நடந்துபோச்சு."

தெரியாமயா?

பொங்கல் முடிஞ்ச வாரம், பொன்னுரங்கம் எங்க வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய கறி வறுவல் அனுப்பி வச்சிருந்தாரு. காடைன்னு சொல்லித்தான் அனுப்பினாரு. காடைக்கு அவ்வளவு நீளமான கால் எலும்பு கெடையாதுன்னு இந்த ஜில்லாவுல வேற எவருக்குத் தெரியாட்டியும், சபாபதி வாத்தியார் பொண்ணு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயே திறக்காம, இன்னும் ரெண்டு துண்டு எடுத்துப் போட்டுக்கிட்டுச் சாப்பிட்டேன்.